பேயெள்ளு: விதையைச் சலித்து விதைத்தால் விளைச்சல் கைக்கு வரும்

கிணறும் இல்லை, மண்ணும் ஆழமில்லை என்று கைவிடப்படும் சரளை மேட்டிலும் மழையை மட்டும் நம்பி நூறு நாளில் எண்ணெய் வித்து தரக்கூடிய பயிர் பேயெள்ளு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிலும் மலைச் சரிவுகளிலும் இது பழகிய பயிர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உச்செள்ளு என்பார்கள். கன்னடத்து ‘ஹுச்செள்ளு’ என்ற சொல்லின் திரிபு அது. பைத்திய எள் என்று பொருள். தமிழில் பேய் பிடித்தது, கன்னடத்தில் பைத்தியம் பிடித்தது! உண்மையில் இது எள் இனமே அன்று. சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இடுப்பளவு முதல் ஆள் உயரம் வரை கிளைத்துப் புதர் போல வளர்ந்து, எட்டு இதழ் கொண்ட மஞ்சள் பூக்களால் வயலையே மூடிவிடும். ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் இந்தப் பூவைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து மக்கள் வருகிறார்கள்.

இதன் தாயகம் எத்தியோப்பியா. அங்கு ‘நூக்’ என்ற பெயரில் முக்கியமான சமையல் எண்ணெய் வித்தாக இருக்கிறது. எத்தியோப்பியாவுக்கு அடுத்து இந்தியாவில்தான் இது பெருமளவில் பயிராகிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் மலைவாழ் மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வருகிறார்கள். விதையில் 30 முதல் 40 சதவீதம் வரை எண்ணெய் உண்டு.

ஆனால் நாட்டின் சராசரி மகசூல் எக்டருக்கு 300 கிலோவைச் சுற்றியே நிற்கிறது. அதாவது ஏக்கருக்கு ஒன்றேகால் குவிண்டால்கூடத் தேறுவதில்லை. பூத்த அழகைப் பார்த்தால் மூன்று மூட்டை எதிர்பார்க்கத் தோன்றும். களத்தில் அடித்துத் தூற்றினால் பாதிக்கு மேல் பதராகப் பறக்கும். சில வயல்களில் அந்த நிலைக்கும் வராமல், செடி பூக்கும் முன்பே ஆரஞ்சு நிற நூல் போன்ற ஒட்டுண்ணிக் கொடி படர்ந்து பயிரை அமுக்கிவிடும். மழையைக் குறை சொல்வது எளிது. பல இடங்களில் குறை விதையில் இருக்கிறது, அல்லது பூக்கும்போது தேனீ இல்லாததில் இருக்கிறது. இவை இரண்டும் விவசாயி கையில் உள்ளவை. பெரிய செலவும் இல்லாதவை.

நிலமும் பட்டமும்

செம்மண், சரளை மண், மணல் கலந்த வண்டல் என எந்த மண்ணிலும் வரும். மற்ற பயிர் ஏற்காத சரிவான நிலத்துக்கு ஒதுக்குவது தவறில்லை. ஆனால் புழுதி உழவு சரியாக இருக்க வேண்டும். விதை மிகச் சிறியதாதலால் கட்டி நிறைந்த நிலத்தில் மண்ணுக்கும் விதைக்கும் ஒட்டுதல் ஏற்படாது. இரண்டு மூன்று முறை உழுது, பலகை அடித்துச் சமன் செய்ய வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் நன்கு மக்கிய தொழுஉரம் போதும். மக்காத எருவை இடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

ஆடி, ஆவணி மழையில் விதைப்பதே ஏற்றது. பகல் பொழுது குறையத் தொடங்கும்போது பூக்கும் இயல்பு இப்பயிருக்கு உண்டு. தாமதமாக விதைத்தால் செடி கிளைக்க நேரமில்லாமல் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். கிளை குறைந்தால் பூ குறையும், பூ குறைந்தால் வித்து குறையும். மழை தவறிப் புரட்டாசிக்குத் தள்ளிப்போனால், செடி குட்டையாக நிற்கும் என்பதை எதிர்பார்த்து வரிசையைச் சற்று நெருக்கி விதைப்பது நல்லது.

விதை முளைக்குமா?

தமிழ்நாட்டு மலைப் பகுதிகளுக்கென வந்த பையூர் 1 இரகம் கிடைத்தால் அதை விதைக்கலாம். கிடைக்காத இடத்தில் உள்ளூர் விதையே கதி. எந்த விதையானாலும் கருத்து, பளபளப்பாக, திரட்சியாக இருக்க வேண்டும். சாம்பல் பூத்த விதையும் சுருங்கிய விதையும் முதிராதவை. பேயெள் விதையில் எண்ணெய் மிகுதி. ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் சிக்கு நாற்றம் எடுத்து முளைப்புத் திறனை இழந்துவிடும். இரண்டு ஆண்டுகளாக அடுக்கில் இருந்த விதையைச் சோதிக்காமல் விதைப்பது ஒரு பருவ மழையைப் பணயம் வைப்பதாகும்.

சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கலந்து, அதில் கண்ணை மூடிக்கொண்டு 100 விதைகளை எண்ணி எடுக்க வேண்டும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினால் சோதனை பொய்யாகும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் விதைகளைப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, துணி காயாமல் நீர் தெளித்துவர வேண்டும். ஐந்தாம் நாள் பிரித்து எண்ணினால் உண்மை தெரியும். 80 விதைகள் முளைத்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ போதும். 60 மட்டுமே முளைத்திருந்தால் 2 கிலோ 700 கிராம் தேவைப்படும். 50-க்கும் கீழே போனால் அந்த விதையைச் செக்குக்கு அனுப்பிவிட்டு வேறு விதை தேட வேண்டும்.

விதையோடு வரும் எதிரி

பேயெள்ளுக்குப் பூச்சியைவிட, நோயைவிடப் பெரிய எதிரி அம்மையார் கூந்தல் எனப்படும் கஸ்குட்டா. இதற்கு இலை இல்லை, பச்சையமும் போதிய அளவு இல்லை. முளைத்த சில நாட்களுக்குள் ஒரு செடியின் தண்டைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றாவிட்டால் தானே காய்ந்து போகும். பற்றிவிட்டால் மண்ணோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொண்டு, தண்டுக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்திச் சாற்றையெல்லாம் குடிக்கும். பின்னர் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குத் தாவித் தாவிப் பல சதுர மீட்டர் பரப்பைப் பின்னிவிடும். ஒரு கொடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அந்த விதை பத்து ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கக்கூடியது. ஓர் ஆண்டு அசட்டையாக இருந்தால் அடுத்த தலைமுறை வரை களை எடுக்க நேரிடும் என்றால் மிகையில்லை.

இது எவ்வளவு அஞ்சத்தக்கது என்பதை வெளிநாட்டுச் சட்டமே சொல்லும். அமெரிக்காவில் பேயெள் விதையைக் குருவிகளுக்குத் தீனியாகத் தோட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் அதற்கென விதை இறக்குமதியாகிறது. ஆனால் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடம் வைத்துச் சூடுபடுத்திய பிறகே நாட்டுக்குள் விடுகிறார்கள். விதையோடு கலந்துவரும் கஸ்குட்டா போன்ற களை விதைகள் சாக வேண்டும் என்பதே காரணம். குருவித் தீனிக்கே இவ்வளவு எச்சரிக்கை! நம் வயலில் விதைக்கும் விதையைச் சலிக்கக்கூட நேரமில்லை என்று சொல்லலாமா?

பேயெள் விதை நீண்டது, 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், கருப்பாக மின்னும். அம்மையார் கூந்தல் விதை உருண்டையானது, கடுகைவிடச் சிறியது, பழுப்பு நிறம், மேல்தோல் சொரசொரப்பானது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பேயெள் மேலே தங்கி, கடுகைவிடச் சிறியது கீழே விழும் கண்ணளவுள்ள கம்பிச் சல்லடையில், ஒவ்வொரு தடவையும் ஒரு படிக்கு மேல் போடாமல், இரண்டு முறை சலிக்க வேண்டும். சில வேளைகளில் ஒட்டுண்ணியின் காய் உடையாமல் முழுதாகவே கலந்திருக்கும். அது பேயெள் அளவே இருப்பதால் சல்லடையில் தங்கிவிடும். ஆகவே சலித்த விதையை உள்ளங்கையால் தேய்த்து, முறத்தில் புடைத்து, மறுபடியும் ஒரு முறை சலிப்பது அவசியம். இரண்டு கிலோ விதைக்கு இந்த வேலை அரைநாள்கூடப் பிடிக்காது. வீட்டுப் பெண்கள் அரிசி புடைக்கும் கண்ணோடு பார்த்தால் ஒரு விதைகூடத் தப்பாது. சல்லடைக்குக் கீழே விழுந்ததை எருக்குழியில் கொட்டாமல் அடுப்பில் போட வேண்டும்.

எருவைப் பற்றி முன்னர் சொன்னதன் காரணமும் இதுதான். ஆடு மாடுகள் கொடியை மேய்ந்தால் இதன் விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து மீண்டும் முளைக்கும். நன்கு சூடேறி மக்கிய எருவில் அந்த அபாயம் குறைவு.

இவ்வளவும் செய்த பிறகும் வயலில் கொடி தென்பட்டால், மேலோட்டமாக நூலை இழுத்துப் போட்டால் பயனில்லை. தண்டில் ஒரு துண்டு ஒட்டியிருந்தாலும் மறுபடி வளரும். அது பற்றிய பேயெள் செடிகளையும் சேர்த்துப் பிடுங்கி, அந்த இடத்திலேயே குவித்து, காய்ந்ததும் எரித்துவிட வேண்டும். நாலு செடி போகிறதே என்று மனம் தயங்கும். அந்த நாலு செடியை விட்டால் நாற்பது போகும். கொடி பூப்பதற்கு முன்பே இதைச் செய்வது முக்கியம்.

ஏற்கெனவே கொடி பரவிய நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பேயெள்ளை நிறுத்திவிட்டுக் கேழ்வரகு, சாமை, சோளம் போன்ற பயிர்களைப் போட வேண்டும். புல் வகைப் பயிர்களில் இக்கொடி செழிப்பதில்லை. உளுந்து போன்ற பயறு வகைகளில் இது பற்றும். ஆகவே மாற்றுப் பயிராகப் பயறு உதவாது. அகன்ற இலைக் களைகளையும் விட்டுவைக்கக் கூடாது. பயிர் இல்லாத நேரத்தில் கொடி அவற்றில்தான் பிழைத்திருக்கும். தனிப் பயிராகப் பேயெள் போடுபவர்கள், விதைத்தவுடன் மண் ஈரத்தில் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி தெளித்தும் இதைக் குறைக்கலாம். அளவை வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேழ்வரகோடு கலந்து விதைத்த வயலில் இதைத் தெளிக்க வேண்டாம்.

விதைப்பும் கலைத்தலும்

விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் நாற்று அழுகல் குறையும்.

ஆயிரம் பேயெள் விதையின் எடை சுமார் 4 கிராம். அப்படியானால் 2 கிலோவில் ஐந்து இலட்சம் விதைகள் உள்ளன. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்ற இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு வேண்டிய செடிகளோ சுமார் 1 இலட்சத்து 35 ஆயிரம்தான். ஆகவே விதை போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. கை நிறைய அள்ளி வீசும்போது ஓரிடத்தில் கொத்தாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் விழுவதுதான் தொல்லை. 2 கிலோ விதையோடு 20 கிலோ காய்ந்த மணலையோ சலித்த தொழுஉரத்தையோ கலந்துகொண்டால் கை அளவு பிடிபடும். கொர்ரு கொண்டோ, நாட்டுக் கலப்பைச் சாலிலோ வரிசையாக விதைப்பது சிறந்தது. வீசி விதைக்க நேர்ந்தால் நிலத்தை இரண்டாகப் பிரித்து, பாதி விதையை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் வீசலாம்.

ஆழம் 2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆழத்தில் விழுந்த விதை முளைத்தாலும் மேலே வர வலுவில்லாமல் மண்ணுக்குள்ளேயே மடியும். விதைத்த பின் முள் படலை இழுத்து மூடினால் போதும்; பரம்பு அடித்து அழுத்தினால் மழை பெய்து காய்ந்ததும் மண் ஓடு கட்டி முளையைத் தடுக்கும்.

முளைத்த 15 முதல் 20 நாட்களுக்குள் செடி கலைத்துவிட வேண்டும். பலரும் தவறவிடும் வேலை இதுதான். நெருக்கமாக விட்ட செடிகள் ஒன்றையொன்று முந்தி ஒல்லியாக உயர்ந்து, உச்சியில் இரண்டு பூ மட்டும் காட்டிச் சாய்ந்துவிடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு செடி விட்டால் அடியிலிருந்தே கிளை பிரியும். கலைக்கும்போதே முதல் களையும் எடுத்துவிடலாம். அதன் பிறகு இலை மூடிக்கொள்வதால் களை அடங்கிவிடும். மழை மூன்று வாரம் தள்ளிப்போனாலும் இந்தப் பருவத்தில் செடி வாடித் தாங்கி நிற்கும். மழை வந்ததும் தெளிந்துவிடும். பூக்கும் நேரத்து வறட்சியைத்தான் தாங்காது. பண்ணைக் குட்டையில் நீர் இருப்பவர்கள் ஒரே ஒரு தண்ணீர் கொடுக்க முடியுமானால் அதைப் பூக்கும் தருணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

உரம் அதிகம் கேட்காத பயிர். ஏக்கருக்கு 8 கிலோ தழைச்சத்து, 8 கிலோ மணிச்சத்து போதும். தழைச்சத்தில் பாதியை அடியிலும் மீதியை முப்பது நாள் கழித்து மழை ஈரத்திலும் இடலாம். யூரியாவை அள்ளி வீசினால் இலையும் தண்டும் பெருத்துச் செடி சாயும்.

கேழ்வரகுக்குள் இடையிடையே ஒரு சால் பேயெள் விடும் பழைய வழக்கம் அறிவுடையது. மாடுகள் இச்செடியை விரும்பி மேய்வதில்லை. ஆகவே வயலைச் சுற்றி இரண்டு வரிசை விதைத்தால் உயிர்வேலி போல உள்பயிரைக் காக்கும். ஆடு மட்டும் கடிக்கும்.

தேனீ இல்லையேல் வித்து இல்லை

பேயெள் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரு செடியின் பூவில் வித்துக் கட்ட வேறொரு செடியின் மகரந்தம் வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுவரும் கூலியாள் தேனீ. ஒரு பூக்கொத்தில் நாற்பது, ஐம்பது சிறு பூக்கள் இருந்தாலும் தேனீ நாடாத கொத்தில் பெரும்பகுதி பதராகவே நிற்கும். களத்தில் காற்றில் பறக்கும் பதரின் இரகசியம் இதுதான்.

ஏக்கருக்கு இரண்டு அடுக்குத் தேனீப் பெட்டிகளைப் பூக்கத் தொடங்கும்போது வயலோரம் வைத்தால் வித்துப் பிடிப்பு நன்றாக இருக்கும், தேனும் கிடைக்கும். பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள், தேனீ வளர்ப்பவரிடம் பேசி ஒரு மாதத்துக்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பூ தேடி அலையும் தேனீ வளர்ப்பவர்களுக்கும் இது இலாபமே. வேலியோர மரங்களில் உள்ள கொம்புத் தேன் அடையைத் தீயிட்டு அழிப்பவர் தம் சொந்த மகசூலையே கொளுத்துகிறார்.

பூத்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. புழுவோ அசுவினியோ வந்தால் மொட்டு விடுவதற்கு முன்பே பார்த்து, 3 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலை மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

அறுவடையும் விலையும்

விதைத்த 95 முதல் 110 நாட்களில் இலைகள் உதிர்ந்து, பூத்தலைகள் பழுப்பும் கருப்புமாக மாறும். எல்லாக் கொத்தும் ஒரே நாளில் முற்றுவதில்லை. கடைசிக் கொத்து காயட்டும் என்று காத்திருந்தால் முதல் கொத்தின் வித்து தரையில் கொட்டியிருக்கும். முக்கால் பங்கு தலைகள் நிறம் மாறியதும் அறுத்துவிட வேண்டும். பனி ஈரம் உலராத அதிகாலையில் அறுத்தால் உதிர்வு குறையும். கட்டுகளைத் தலை மேலாகக் களத்தில் நிறுத்தி ஒரு வாரம் காயவிட்டு, தார்ப்பாய் விரித்துக் கோலால் மெல்லத் தட்டினாலே வித்து கொட்டும்.

மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களில் பேயெள்ளும் ஒன்று. குவிண்டாலுக்கு 2024-25-ஆம் பருவத்தில் 8,717 ரூபாய், 2025-26-ஆம் பருவத்தில் 9,537 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. கொள்முதல் நிலையம் இல்லாத ஊரில் இந்த விலை தானாக வீட்டு வாசலுக்கு வராது. அரை மூட்டை, முக்கால் மூட்டையாகத் தனித்தனியே சந்தைக்குப் போகிறவருக்கு வியாபாரி சொன்னதே விலை. பத்துப் பேர் சேர்ந்து, சலித்துச் சுத்தமாக்கி, ஒன்றாகக் கொண்டுபோனால் பேரம் பேச இடமுண்டு. அறிவித்த விலையைத் தெரிந்துகொண்டு போவதே ஒரு பலம். விற்காமல் வீட்டுக்கு வைத்துக்கொள்வதும் நட்டமில்லை. வறுத்த பேயெள்ளும் மிளகாயும் பூண்டும் புளியும் சேர்த்து இடிக்கும் பொடி கேழ்வரகுக் களிக்கு எவ்வளவு பொருத்தம் என்பது அந்தப் பகுதியினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்ணெய் விரைவில் சிக்கெடுக்கும். ஆகவே தேவைக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு விதை

செடிகள் ஒன்றோடொன்று கலந்து வித்துக் கட்டுவதால், பேயெள்ளில் ஒரே ஒரு நல்ல செடியைத் தேர்ந்து விதை எடுப்பது உதவாது. இரண்டு மூன்று செடியின் விதையையே திரும்பத் திரும்ப விதைத்தால் உறவுக்குள்ளேயே கலந்து, நாளடைவில் வித்துப் பிடிப்புக் குறையும். வயலின் நடுப்பகுதியில், அம்மையார் கூந்தல் எட்டிப் பார்க்காத இடத்தில், நன்கு கிளைத்து நோயின்றி நிற்கும் நூறு செடிகளுக்காவது பூக்கும்போதே நூல் கட்டி அடையாளம் செய்ய வேண்டும். அவற்றைத் தனியே அறுத்து, தனியே அடித்து, விதையை ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். வேறு இரகம் பூத்திருக்கும் வயல் குறைந்தது 400 மீட்டர் தள்ளி இருந்தால் கலப்பு வராது.

அப்படி எடுத்த விதையை உடனே சலித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் இளவெயிலில் உலர்த்த வேண்டும். பல்லால் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடையும் பதம் வந்ததும், காய்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி, தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும். பையின் மேல் இரகத்தின் பெயரையும் அறுத்த மாதத்தையும் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த ஆனியில் எது எந்த ஆண்டு விதை என்ற குழப்பம் வராது.